மூடியின் மேல் ஒட்டிய சுரூபம்

எங்கள் கார் யப்பானில் யாரோ ஓடிக் கழித்தது. அன்புவழிபுரத்து வீட்டுக்கு அது வந்த அன்றே கணவரின் தாயான மாமி பங்குச் சாமியாரை அழைத்து ஆசீர்வதிக்கச் செய்தார். பிறகு ஒரு சாண் உயர மாதா சுரூபத்தை, இடது சீற்றுக்கு முன்னால் டாஷ்போட்டில் தட்டையான இடம் பார்த்துப் பசை பூசி ஒட்டினார். அந்தத் தட்டையான இடம், கார் மோதினால் வெடித்து விரியும் எயார்பேக் பையின் மூடி. அதில் பொறித்திருந்த எழுத்துகளைச் சுரூபத்தின் அடி மறைத்துவிட்டது.

முன் சீற் எனக்கும் பத்து மாத மகளுக்கும் என்று ஆனது. கைக்குழந்தைக்காரிக்கு முன் இடம் கொடுப்பது எங்களிடம் ஒரு மரியாதை. ஏசிக் காற்று நேரே படும், பிள்ளை அழாது. மாமி முழங்கால் வருத்தக்காரி. பின்னால் காலை நீட்டிக்கொண்டு வருவார்.

ஒருநாள் வெயில் மறைப்பை இறக்கியபோது அதில் ஒரு படம் இருந்தது. முன் சீற்றில் குழந்தை, அதன் மேல் சிவப்புக் கோடு. யப்பான் எழுத்து எனக்கு விளங்காது, படம் விளங்கியது. வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன்: எயார்பேக் வெடித்து விரியும் வேகம் முன் சீற்றில் மடியிலிருக்கும் பிள்ளையைக் கொன்றுவிடும். கணவரிடம் சொன்னேன்.

"நீர் வாசிக்காத பயம் ஏதும் மிச்சம் இருக்கே?" என்றார்.

ஆனாலும் கார் திருத்தும் கராச்காரரிடம் என்னைக் கூட்டிப்போனார். அவர் சிரித்தார். "அறுபதுக்கு மேல ஓடினாத்தான் அது வெடிக்கும், தங்கச்சி. உங்கட மனுசன் நாப்பதைத் தாண்டுறவரே?"

நான் வாசித்தது வேறு. வேகமுள்ளை அது பார்ப்பதில்லை. கார் எவ்வளவு சடுதியாக நின்றுபோகிறது என்பதைத்தான் உணர்கிறது. பின்னால் இடிபட்டால் பெரும்பாலும் திறக்காது. முன்னால் கடினமான ஒன்றில் மோதினால், குறைந்த வேகத்திலும் திறக்கும். ஆனால் அவர் நாள்தோறும் கார்களைக் கழற்றிப் பூட்டுபவர். நான் போனில் வாசித்தவள். வாயை மூடிக்கொண்டேன்.

மூதூரில் மாமியின் தங்கை வீட்டுக்குப் புறப்பட்ட ஞாயிறு காலை, மகளுடன் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினேன். அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மாமி முன்னால் ஏறினார்.

"ஓம், நான் பழசுதானே. எனக்கு என்ன நடந்தாலும் காரியமில்லை."

அவருடைய முகத்துக்கு நேரே சுரூபம் நின்றது. அது எதன் மேல் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக் கழற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை.

சீனன்குடாவைத் தாண்டியதும் முன்னால் போன மணல் டிரக்டர் சட்டென்று நின்றது. கணவர் பிரேக்கை மிதித்தும் அது இழுத்த பெட்டியின் இரும்பில் கார் மூக்கைக் கொடுத்தது. முப்பதுதான் இருக்கும் என்று பிறகு சத்தியம் செய்தார். காதடைக்கும் வெடிச்சத்தம். நான் நிமிர்ந்தபோது பைகள் விரிந்து காற்றிறங்கித் தொங்கிக்கொண்டிருந்தன. காருக்குள் வெள்ளைத் தூள், கருகிய மணம். கணவருக்குக் கையில் சிராய்ப்பு மட்டும். மாமிக்கு மூடி பிளந்த வேகத்தில் சுரூபம் முகத்தில் பாய்ந்து கன்ன எலும்பு உடைந்தது. இடது கண் இன்றும் மங்கல்.

மகளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் பின்னாலும் மடி மடிதான், பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேறொன்றுமில்லை. என் கைகள் அவளை எப்படிப் பிடித்தன என்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரி விறாந்தையில் மாமியின் தங்கை எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "தன்ர பிள்ளையைப் பின்னுக்கு வச்சிட்டு மாமியை முன்னுக்குத் தள்ளினவளாம்."

கணவர் ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டார். "சுரூபம் அதுக்கு மேல நிண்டது உமக்குத் தெரியுமே?"

"ஓம்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா கழட்டியிருப்பீங்களே?"

அவர் எழுந்து போய்விட்டார். கெட்டிக்காரப் பதில்தான். ஆனால் உண்மை அதுவல்ல. பிள்ளையைப் பின்னால் கொண்டுவந்ததும் நான் மற்றவர்களைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

கராச்சிலிருந்து கார் திரும்பியது. இடது பக்கத்துக்கு வேறு பை கிடைக்கவில்லையாம்; வெற்றிடத்துக்கு மேல் புது மூடி போட்டிருந்தார்கள். அடுத்த பயணத்தன்று கணவர் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப உள்ளுக்கு ஒண்டுமில்லையே, பிள்ளை," என்றார் மாமி. "முன்னுக்கு இரு. எனக்கு இனி அந்தப் பக்கம் ஏலாது."

பை இல்லாத இடத்தில் கார் மோதினால் பிள்ளையே நேராக டாஷ்போட்டில் போய் அடிபடும், எந்தத் தாயின் கையும் அந்த இழுப்பைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். மாமி தலையைச் சாய்த்து, நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினேன்.

மூதூர் போய் வந்தோம். முற்றத்தில் இறங்கும்போது மாமி சொன்னார்: "பாத்தியே, ஒண்டும் நடக்கேல்லை."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மகளை மடியில் வைத்து முன்னால் போகிறேன்; ஒன்றும் நடப்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டில் என் சொல் இன்னும் கொஞ்சம் எடுபடாமல் போகிறது.