அப்பாவின் இரண்டாவது ஞானஸ்நானம்

எங்கள் சபையில் ஆண்டுக்கு ஒருமுறையாவது தெய்வீக அன்பைப் பற்றி ஒரு பிரசங்கம் உண்டு. கிரேக்க மொழியில் அன்புக்கு இன்னின்ன சொற்கள் இருக்கின்றன, அவற்றில் இதுதான் உசத்தி என்று போதகர் விரல்விட்டு விளக்குவார். அதே நேரத்தில் பின்பெஞ்சில் இரண்டு பெண்கள் மின்விசிறிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருத்திக்கு வேர்க்கும், இன்னொருத்திக்குச் சளி பிடிக்கும். நான் கோயிலுக்குப் போவது பாடகர் குழுவில் பாடுவதற்காக. பிரசங்கம் தொடங்கியதும் விழிஞ்ஞத்திலிருந்து இன்றைக்கு என்ன மீன் வந்திருக்கும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். இப்படிப்பட்டவள் ஆன்மிகம் பற்றி எழுதலாமா என்று கேட்டால், எழுதக் கூடாதுதான். ஆனால் நான் கண்ணால் பார்த்த ஒரே தெய்வீக அன்பு, சொட்டச் சொட்ட நனைந்த வேட்டியோடு என் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து அந்தச் சீட்டையே பாழாக்கியது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திருவனந்தபுரத்தில், நேமம் பக்கம், அப்பாவும் சித்தப்பாவும் ஒரே காம்பவுண்டில் ஒட்டி ஒட்டி வீடு கட்டியவர்கள். அப்பா அரசு அலுவலகத்தில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் சபைக் கமிட்டியில் நிரந்தர உறுப்பினர். சித்தப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். விசில் இல்லாமலே பஸ்ஸை நிறுத்தும் குரல் அவருக்கு. ஓய்வு பெற்றபின் அவர் முழுக்குச் சபையில் சேர்ந்தார். குழந்தைப் பருவத்தில் தலையில் தெளித்த தண்ணீர் செல்லாது, வளர்ந்த பின் ஆள் முழுதாகத் தண்ணீரில் மூழ்கி எழுந்தால்தான் ஞானஸ்நானம் என்று சொல்லும் சபை அது. தெளித்ததே போதும், மறுபடி எடுப்பது ஆண்டவரை அவமதிப்பது என்பது அப்பாவின் கட்சி. கிருபை இறங்க எத்தனை வாளித் தண்ணீர் வேண்டும் என்பதுதான் விஷயம். இதற்காக இரண்டு கிழவர்கள் முகம் பார்க்காமல் ஆனார்கள்.

அந்தச் சபையில் நகை போடக் கூடாது. சித்தி கம்மலைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள், கடைசியில் தாலியையும் கழற்றினாள். "புருஷன் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போதே தாலியக் கழத்த வச்சிட்டானே, பாவி" என்று அப்பா முற்றத்தில் நின்று கத்தினார். அதுதான் அவர்கள் கடைசியாக நேரடியாகப் பேசிக்கொண்டது.

அதற்குப் பிறகு கடவுள் மூலமாகப் பேசினார்கள். இரண்டு வீட்டிலும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஜன்னலுக்கு நேர் எதிரே ஜன்னல். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, தண்ணியக் கண்டு மயங்கிப் போனவங்களுக்கு நல்ல புத்தி குடும்" என்று உரக்கச் சொல்வார். அந்தப் பக்கத்திலிருந்து, "கர்த்தாவே, தலையில ரெண்டு சொட்டு வாங்கிக்கிட்டு பரலோகம் போயிரலாம்னு நெனைக்கிறவங்க கண்ணத் திறந்தருளும்" என்று பதில் வரும். நாங்கள் ஞானப்பாட்டு பாடினால் அவர்கள் கைதட்டிப் பாடுவார்கள். நாங்கள் சத்தத்தைக் கூட்டினால் சித்தப்பா ஆவி நிறைந்து, யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில் இறங்கிவிடுவார். அதற்கு எங்களிடம் பதில் கிடையாது. நடுவில் கடவுள் என்ன பாடு பட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன்.

இந்த நிலையில்தான் சித்தப்பா சாட்சி சொன்னார். அவர்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை மைக்கில் சொல்வார்கள். சித்தப்பாவுக்கு நெடுங்காலமாகச் சர்க்கரை நோய். ஒருநாள் உற்சாகம் மிகுந்து, "கர்த்தர் என் சுகரை எடுத்துப் போட்டாரு, மாத்திரையத் தூர எறிஞ்சாச்சு" என்று அறிவித்துவிட்டார். கூட்டம் அல்லேலூயா என்று கூரையைப் பிளந்தது. சர்க்கரை அப்படியே இருந்தது. ஆனால் சாட்சி சொன்னவன் மறுநாள் மருந்துக் கடையில் போய் நிற்க முடியுமா? கடைக்குள்ளேயே இரண்டு விசுவாசிகள் இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். "நிறுத்தச் சொன்னது நானில்லை" என்று அவர்களுடைய பாஸ்டரே சொல்லிப் பார்த்தாராம். சித்தப்பா கேட்கவில்லை. கேட்டால் கர்த்தரைப் பொய்யராக்கியதாகிவிடும் என்றார். உண்மையில் மைக்கில் சொன்னதை மாற்றிச் சொல்ல வெட்கம். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

பிறகு கால் பெருவிரலில் ஒரு கொப்புளம். சித்தி ஒருநாள் துணி காயப்போடும் இடத்தில் என்னைப் பிடித்தாள்.

"மக்களே, கால் நாறுது. டெட்டால் ஊத்தித் தொடைச்சும் நாத்தம் போகல்ல. வெரலு கறுத்துப் போச்சு."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சித்தி."

"சாட்சி சொன்ன மனுஷன். இனி எந்த மூஞ்சிய வச்சிட்டு வருவாரு? செத்தாலும் வரமாட்டாரு, கேட்டியா." அவள் ஈரத் துணியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான் அப்பாவிடம் சொன்னேன். "அனுபவிக்கட்டும்" என்றார். தலைகூடத் தூக்கவில்லை. பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார், அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. நேராகத்தான் பிடித்திருந்தார், ஒழுங்காகத்தான் வாசித்தார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

ஏழு மணிக்கு ஜெபம். முதல் சரணம் முடிந்ததும் எதிர் ஜன்னலில் கைத்தட்டல் தொடங்கியது. வழக்கமான பலமில்லை, சித்தப்பாவின் குரலே கேட்கவில்லை. அப்பா பாட்டுப் புத்தகத்தை மூடினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி முற்றத்தைக் கடந்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சித்தப்பா நாற்காலியில் இருந்தார். கால் ஒரு ஸ்டூலின் மேல், பழைய வேட்டித் துணி சுற்றி. வாசலிலேயே நாற்றம் வந்தது. அப்பா மூக்கைப் பொத்தவில்லை.

"லேய், ஆஸ்பத்திரிக்கு வா. வண்டி நிக்குது."

"எனக்கு வைத்தியர் மேல இருக்காரு."

"கால் போயிரும்லே. அப்புறம் நீயும் போவ."

"அண்ணே, நீரு எனக்கு உபதேசம் பண்ணாதயும். ஒமக்கு ரட்சிப்பே கெடையாது." காய்ச்சலில் சிவந்திருந்த முகத்தோடு சித்தப்பா சிரித்தார். "நீரு ஒரு காரியம் செய்யும். முழுக்கு எடும். தண்ணியில முங்கி எந்திரிச்ச ஒடனே நான் ஆஸ்பத்திரிக்கு வாறேன். போதுமா?"

இது நடக்காத காரியம் என்று தெரிந்துதான் சொன்னார். அப்பா முழுக்கு எடுப்பதும் கடல் வற்றுவதும் அந்தக் காம்பவுண்டில் ஒன்றுதான்.

"எப்பம்?" என்றார் அப்பா.

சித்தப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எப்பம்னு கேட்டேன். நாளைக்கு வை. ஒங்க பாஸ்டரக் கூப்பிடு."

எங்கள் சபையின் கமிட்டி உறுப்பினரே வலையில் வந்து விழுந்தால் எந்தப் பாஸ்டர் தள்ளிப்போடுவார்? மறுநாள் மதியம் என்று முடிவானது.

காலையில் அப்பா எங்கள் போதகரைப் பார்க்கப் போனார். கார் ஓட்டிய பாவத்துக்கு நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். போதகர் திகைத்துப்போனார்.

"உண்மையில் நம்பித்தான் எடுக்கிறீர்களா?"

"இல்ல."

"பின்னே எதற்கு?"

"தம்பிக்கு கால் போயிரும்."

"நம்பாமல் ஞானஸ்நானம் எடுப்பது ஆண்டவர் முன்னால் பொய் சொல்வதுதானே?"

"அவருகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

போதகர் கெட்டவர் அல்ல. சட்டத்தைத்தான் சொன்னார். மறுபடி ஞானஸ்நானம் எடுத்தவருக்குக் கமிட்டியில் இடமில்லை. திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் இல்லை. சபைக் கல்லறைத் தோட்டத்தில் குழியும் சந்தேகம்தான். அங்கேதான் அம்மா இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவு இடத்தை அப்பா தனக்கென்று கேட்டு வாங்கி வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் போய் அதில் முளைத்த புல்லைப் பிடுங்குவார். உயிரோடிருப்பவர்களின் வீட்டு முற்றத்தில் அவர் ஒரு புல்லைக்கூடப் பிடுங்கியதில்லை.

வெளியே வந்ததும் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னார். உள்ளே போய் நின்றார். நான் வாசலிலேயே இருந்தேன். அம்மாவிடம் என்ன சொன்னாரோ, தெரியாது. திரும்பி வந்தபோது, "அப்பா, வேண்டாம்ப்பா" என்றேன்.

"வாய மூடிட்டு வண்டிய எடு" என்றார். என் அப்பா புனிதர் அல்ல, அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முழுக்குக்குக் கல்லாறு. பக்கத்திலேயே கரமனையாறு இருக்கிறதே என்றால், நகரத்துக்குள் அது ஓடும் நிலையில் பாவம் போகும், சொறி வரும். பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் எல்லாம் கல்லாற்றில் இறங்கி உருண்டைக் கல்லின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் ஒருவர் என்னிடம், "ஷூட்டிங் ஆணோ?" என்று மலையாளத்தில் கேட்டார். ஆமாம், ஷூட்டிங்தான் என்றேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

சித்தப்பாவை டீக்கடையில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியில் கரையில் உட்கார வைத்திருந்தோம். காலில் ஒரு பிளாஸ்டிக் பை. அப்பா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சங்குமுகத்தில் அலை காலைத் தொட்டாலே பின்வாங்குகிற மனிதர் அவர், நீச்சல் தெரியாது. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, பாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் கல்லில் தடுமாறித் தடுமாறி இடுப்பளவு தண்ணீருக்குப் போனார். மலைத் தண்ணீர். கரையிலிருந்தே அவர் தாடை நடுங்குவது தெரிந்தது.

இளம் பாஸ்டர் கையை உயர்த்தி, மலையாளம் கலந்த தமிழில், "அப்பச்சன் ஏசுவை ரட்சகராய் விசுவசிக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"அத நான் நீரு பெறக்கதுக்கு முன்னாடியே நம்பியாச்சு. சீக்கிரம் முக்கும்."

முக்கினார். ஒரு கணம் ஆற்றில் அப்பா இல்லை. பிறகு இருமிக்கொண்டு, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய எழுந்தார். விசுவாசிகள் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்துப் பாட்டைத் தொடங்கினார்கள். அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் கரை தெரியவில்லை. குத்துமதிப்பாக நாற்காலி இருந்த திசையைப் பார்த்துக் கத்தினார்.

"முங்கியாச்சுலே! எந்திரி. வண்டியில ஏறு."

சித்தப்பா அழுதுகொண்டிருந்தார். வாய்விட்டு, பஸ்ஸை நிறுத்தும் அந்தக் குரலில். விசுவாசிகள் அதை ஆவியின் செயல் என்று நினைத்துப் பாட்டின் வேகத்தைக் கூட்டினார்கள்.

கரையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டேன். துண்டு கொண்டுவர யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அப்பாவின் வேட்டியிலிருந்து தண்ணீர் சீட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. விதுரை தாண்டியதும் பின்சீட்டிலிருந்து சித்தப்பா மெல்லக் கேட்டார்.

"அண்ணே, நம்பித்தான எடுத்தீரு?"

"நீ சொன்ன வாக்க நம்பி எடுத்தேன். பேசாம வா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லோரையும் திட்டினார். இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது, சித்தப்பாவும் தப்பினார். வீட்டுக்கு வந்தபின் அவர் தம் சபையில் கைத்தடியோடு எழுந்து, "சுகர் போகல்ல. நான் சொன்னது பொய். ஊசி போடுதேன்" என்று மைக்கில் சொன்னார். அன்றைக்கு யாரும் கூரையைப் பிளக்கவில்லை. அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று அந்தக் குடும்பத்தில் பிறந்த எனக்குத் தெரியும்.

எங்கள் சபையில் அப்பாவின் பெயரைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள், திருவிருந்தையும் நிறுத்திவிட்டார்கள். சபை முன்னால் நின்று, செய்தது தவறு, வருந்துகிறேன் என்று சொன்னால் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரே ஒரு வரி. "எத்தனையோ காரியத்துக்கு வருந்துதேன். இதுக்கு வருந்தினா பொய்யாயிரும்" என்று சொல்லிவிட்டார். குழி விஷயம் இன்னும் கமிட்டியின் ஆலோசனையில் இருக்கிறது. காணிக்கைப் பையோடு முன்னால் நடந்த மனிதர் இப்போது கடைசிப் பெஞ்சில், மின்விசிறிச் சண்டைக்காரிகளுக்குப் பின்னால் உட்காருகிறார். எனக்கு அந்தக் கோயிலையே கொளுத்த வேண்டும் போலிருக்கும். அவர் சனிக்கிழமை போய்ப் புல் பிடுங்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

சென்ற திருவிருந்து ஞாயிறன்று சித்தப்பா எங்கள் கோயிலுக்கு வந்தார். செத்த சபை என்று பல ஆண்டுகளாக அவர் வைதுகொண்டிருந்த கோயில். கைத்தடியை ஊன்றி மெதுவாக நடந்து வந்து கடைசிப் பெஞ்சில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மின்விசிறிச் சண்டை நின்றுபோனது. போதகர் பார்த்துவிட்டு ஜெபப் புத்தகத்தைத் திறந்தார்.

பாடகர் குழுவுக்கு முதலில் கொடுப்பார்கள். நான் முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பினேன். வரிசை வரிசையாக எல்லோரும் முன்னால் எழுந்து போக, பெஞ்சுகள் காலியாகி, பின்னால் அந்த இரண்டு கிழவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். சித்தப்பாவுக்கு நெற்றியில் வேர்த்திருந்தது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்திருக்கிறார், சர்க்கரை இறங்கியிருக்கிறது. சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்தி, அதை இரண்டாக உடைத்து ஒரு பாதியை அப்பாவிடம் நீட்டினார்.

"எனக்கெதுக்குலே? நீ தின்னு" என்று அப்பா சொல்வது வாயசைவில் தெரிந்தது.

சித்தப்பா கையை மடக்கவில்லை. அப்பா வாங்கிக்கொண்டார். இருவரும் நேரே முன்னால் பார்த்தபடி, பல்லில்லாத வாயால் மெதுவாக மென்றார்கள்.

அடுத்த பாட்டு தொடங்கியது. நான் கடைசிப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவள் முழங்கையால் இடித்தாள். அப்போதுதான் பீடத்திலிருந்து வாங்கி வந்தவள் நான், வாயில் ரசத்தின் இனிப்புக்கூட மாறவில்லை. ஆனாலும் அந்தப் பிஸ்கட்டில் எனக்கும் ஒரு துண்டு வேண்டும் போலிருந்தது.