அன்சாரி பாயும் நான் நீக்கிய வரியும்

காலை பத்து மணிக்கு மயிலாடுதுறையிலிருந்து போன். அன்சாரி பாய் மவுத்தாகிவிட்டார், மதியத் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்றார்கள். நான் பெங்களூரில். எப்படிப் போனாலும் முகம் பார்க்க முடியாது. ஆனாலும் பேருந்து ஏறிவிட்டேன். வழியெல்லாம் உட்காரப் பிடிக்கவில்லை, எழுந்து நிற்கவும் இடமில்லை.

ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர் முளைத்த காலத்தில், மயிலாடுதுறையில் நாங்கள் நான்கு பேர் வெப்சைட் செய்யும் சிறு அலுவலகத்தில் இருந்தோம். வளைகுடா வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி ஒன்றுக்காக, பாஸ்போர்ட் நகலை அனுப்பும் பக்கத்தை நான் எழுதினேன். சோதித்துப் பார்க்கும் வேலை அன்சாரி பாயுடையது. என்னைவிட மூன்று வயது இளையவர். சவூதியில் முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால், தந்தையின் அடக்கத்துக்கே வர முடியாமல் போனவர்.

முதல் நாளே பாஸ்போர்ட் கேட்கும் இடத்தில் ஒரு பாட்டு ஃபைலை ஏற்றினார். 'உங்கள் பாஸ்போர்ட் கிடைத்தது, நன்றி' என்றது என் பக்கம். அலுவலகமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"பாட்டு போனா பரவால்லண்ணே. நாளைக்கு ஒருத்தன் படத்துக்குப் பதிலா புரோகிராமை ஏத்துவான். அது நம்ம மெஷின்லயே ஓடும். உள்ள இருக்கறது அத்தனையும் அள்ளிட்டுப் போயிடும்."

முனகிக்கொண்டே ஒரு வரி சேர்த்தேன். படத்தைத் தவிர வேறு எந்த ஃபைலையும் அது உள்ளே விடாது.

நேர்காணல் நெருங்கிய வெள்ளிக்கிழமை கீழ்வேளூரிலிருந்தும் பேராவூரணியிலிருந்தும் ஓயாமல் போன். அங்கே பிரவுசிங் சென்டர்களில் ஸ்கேன் செய்த பாஸ்போர்ட்டை வேர்டில் ஒட்டித்தான் அனுப்புவார்கள். என் பக்கம் எல்லாவற்றையும் திருப்பியது. எங்கள் முதலாளி கத்தினார். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். வேர்டை மட்டும் அனுமதிக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பொறுமை எனக்கில்லை. வரியையே நீக்கினேன். சாயங்காலம் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தவன் மறந்தே போனேன். அவரிடம் சொல்லவும் இல்லை.

அவர் பயந்தபடியே நடந்தது. எவனோ புரோகிராம் ஒன்றை ஏற்றி, அத்தனை பாஸ்போர்ட் நகல்களையும் எடுத்துக்கொண்டான். விண்ணப்பித்தவர்களின் வீடுகளுக்குப் போன் போயிற்று. பாஸ்போர்ட் எண்ணைச் சரியாகச் சொல்லி, விசா தயார், பணம் கட்டுங்கள் என்று ஆசை காட்டினார்கள்.

சோதித்தது யார் என்று முதலாளி கேட்டார். அன்சாரி பாய் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். அன்றே அவருக்கு வேலை போயிற்று. போகுமுன் விண்ணப்பித்தவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். யார் போன் செய்தாலும் நம்பாதீர்கள் என்று வீடு வீடாகப் பேசினார். அதைச் செய்யவேண்டியவன் நான்.

பிறகு பஸ் ஸ்டாண்டு அருகே சொந்தமாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்தார். நான் பெங்களூர் போய்ப் பெரிய ஆளானேன். பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தோம். என் இலையில் பிரியாணி வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"அந்த வரிய எடுத்தது நீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. அந்த வரி இருந்த பழைய காப்பி எங்கிட்ட இருந்துச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பெங்களூர் டிராஃபிக்கைப் பற்றிப் பேசினேன். வெட்கங்கெட்டவன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடை பூட்டியிருந்தது. ஷட்டரில் அவர் கையெழுத்தில் ஓர் அட்டை: 'பாஸ்போர்ட் ஸ்கேன் எடுத்ததும் உங்கள் கண் முன்னாலேயே அழிக்கப்படும். நின்று பார்த்துவிட்டுப் போகவும்.'

நின்று பார்த்தேன். பிறகு அங்கேயே, பழைய முதலாளிக்கும் அலுவலக நண்பர்களுக்கும் போனிலேயே இதை எழுதி அனுப்பினேன்: அந்த வரியை நீக்கியவன் நான், அன்சாரி பாய் அல்ல.

போய் வாருங்கள் பாய். சொல்லிவிட்டேன். நீங்கள்தான் இல்லை.