சோதனைச் சாவடியில் மட்டும் நிற்கும் வேன்

கராஜ் வாசலுக்கு வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும் வண்டியைப் போல எங்கள் தொழிலில் மானத்தை வாங்குவது வேறொன்றும் கிடையாது. பல்வலியோடு ஓடிப்போய், டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி பறந்துவிட, திருதிருவென்று விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த டாக்டரின் இடத்தில் இலங்கையின் கேகாலையில் மெக்கானிக்காகப் பல வருஷம் நின்றவன் நான். போர் நடந்துகொண்டிருந்த 2007இல் வந்த ஒரு வேனை மட்டும் இன்றும் மறக்க முடியவில்லை.

வேனுக்கு வந்த பயம்

செல்வராசு கித்துல்கலப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரர். அங்கே கூலிக்கு மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், பிறகு ஒரு பழைய ஜப்பான் வேனை வாங்கி, தோட்டத்துப் பெண்பிள்ளைகளைக் கேகாலைக் கடைகளுக்கு வேலைக்கு ஏற்றி இறக்கினார். வழியில் ஒரு இராணுவச் சோதனைச் சாவடி. காலையில் வரிசையில் ஊர்ந்து போய், தடைக்கம்பத்தின் முன்னால் வந்ததும் என்ஜின் நின்றுவிடும். பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். இப்படி இரண்டு முறை. முதல் முறை எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். இரண்டாம் முறை செல்வராசுவைச் சாயந்திரம்வரை வைத்திருந்து, மூன்றாம் முறை நின்றால் வேனும் நீயும் முகாமுக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். முகாமுக்குப் போகிற தமிழன் எப்போது திரும்புவான் என்பது அந்த வருஷங்களில் கூட்டிப் போகிறவர்களுக்கே தெரியாது.

நான் வேனை எடுத்துக்கொண்டு டவுனை ஒரு மணி நேரம் சுற்றினேன். தும்மக்கூட இல்லை. பழுது ஒன்றும் தெரியவில்லையே என்றேன். செல்வராசு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஆமிக்காரங்களக் கண்டாத்தான் பாஸ் அதுக்குப் பயம். உங்களக் கண்டா எதுக்குங்க நிக்கும்?"

கண் சிமிட்டிய லைட்

அந்தக் காலத்து வேன்களின் கம்ப்யூட்டர் தன் நோவைக் கண் சிமிட்டிச் சொல்லும். சோதனைக்கென்றே வைத்த இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தால், டேஷ்போர்டில் என்ஜின் லைட் விட்டுவிட்டு எரியும், எண்ணிக்கொள்ள வேண்டும். ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இரண்டு. பழுதுபார்க்கும் புத்தகத்தைப் பிரித்துப் பன்னிரண்டைத் தேடினேன். கேம் சென்சர். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு எந்த நிலையில் சுழல்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. செய்தி வராவிட்டால் எந்த நேரத்தில் பெற்றோல் கொடுப்பது, பொறி கொடுப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. என்ஜின் நின்றுவிடும்.

'கேம் சென்சர் அல்லது அதன் வயர்' என்றுதான் புத்தகம் சொன்னது. 'அல்லது' என்ற சொல்லின் மகிமை பற்றிப் பிறருக்கு எத்தனையோ முறை பாடம் எடுத்தவன் நான். பக்கத்தில் நின்ற செல்வராசுவின் முகத்தைப் பார்த்த அவசரத்தில் சென்சரை மட்டும் மாற்றிவிட்டு, முடிந்தது என்று கையைத் துடைத்தேன்.

"சரிங்க பாஸ். அப்ப நாளைக்கு நீங்களும் என்கூட வருவீங்கதானே?"

சிவப்பு லைட்டும் இரண்டு வயரும்

போனேன். மறுக்க முடியுமா? பெண்பிள்ளைகளை பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டோம். செய்தி வருகிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டர் பக்கத்து வயரில் ஒரு சின்னப் பற்றரியோடு குட்டிச் சிவப்பு லைட்டை மாட்டி டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டினேன். செய்தி வரும்வரை துடிக்கும். நல்ல ஏற்பாடு என்று எனக்குப் பெருமைகூட.

வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு வண்டிகள் இருக்கும்போதுதான் என் ஏற்பாட்டை முழுதாகப் பார்த்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு வயர். ஒரு பற்றரி. துடிக்கும் சிவப்பு லைட். இரண்டு தமிழர். இதைப் பார்த்துக் கேம் சென்சரை நினைக்கக்கூடிய மனிதன் அந்த வீதியில் நான் ஒருவன்தான். பிடுங்கக் கையை நீட்டினேன். "கைய ஆட்டாதீங்க பாஸ், பாக்குறாங்க!" என்றார் செல்வராசு உதடு அசையாமல். அந்த நொடியில் லைட் அணைந்தது. என்ஜினும் நின்றது.

ஜன்னலில் துப்பாக்கி. இறங்கி, தலையில் கை வைத்து, வீதியில் முழங்காலிட்டோம். சார்ஜன்ட் வந்து லைட்டைக் காட்டி "என்ன இது?" என்றார். பயம் வந்தால் எனக்குப் பேச்சு நீளும். கேம் தண்டு, நான்கு சிலிண்டர், வால்வு என்று சிங்களத்தில் தொடங்கினேன். பேச்சு கம்ப்யூட்டருக்கு வந்து சேர்வதற்குள் அவர் கையை உயர்த்தினார்.

"போதும் வாத்தியார், எழும்பு. இந்த முறை விடுகிறேன். வேனைத் தள்ளிக்கொண்டு போங்க. நாளைக்கும் இங்க நின்றால் ஓட்டுகிறவன் எங்களோடதான்."

நான்கு சொட்டு

தள்ளிக்கொண்டுபோய் ஒரு பலா மரத்தடியில் நிறுத்தினோம். லைட்டைச் சென்சர் பக்கம் மாட்டி, சாவியைத் திருகச் சொன்னேன். துடித்தது. கம்ப்யூட்டர் பக்கம் மாட்டினேன். செத்துக் கிடந்தது. செய்தி நடுவழியில் தொலைகிறது. நடுவழியில், சீட்டுக்கு அடியில், வயர்களை இணைக்கும் ஒரு கப்ளர் இருந்தது. அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ரப்பர் இறுகியிருந்தது. முதல் நாளே பார்த்தேன். ஜப்பான்காரன் வேலை என்று மரியாதையோடு விட்டுவிட்டேன்.

கத்தியால் கீறினேன். உள்ளே பித்தளை முனைகள் பச்சை பிடித்து அரித்துப் போயிருந்தன. செல்வராசு தலையைச் சொறிந்தார். மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கத் தோட்டத்து ரப்பர் பாலை ஊற்றி, அதை உறைய வைக்க அசிட்டும் விட்டிருக்கிறார். அசிட் முனைகளைத் தின்றுவிட்டது. ஓடும்போது காற்றுப் பட்டு மிச்சமிருந்த முனைகள் எப்படியோ தொட்டுக்கொண்டிருந்தன. வரிசையில் நின்று சூடேறியதும் விலகிவிட்டன, ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்ளும். கப்ளரை வெட்டி வீசிவிட்டு வயரோடு வயரை முறுக்கினேன்.

"ரப்பர் ஷீட்டு அடிக்கப் பாலுல ஊத்துற அசிட்டுதாங்க, நாலே சொட்டு. என் கையிலகூட ஒண்ணும் செய்யலயே!"

நிற்காத நாள்

மறுநாள் பெண்பிள்ளைகள் ஒன்பது பேரோடு போனோம். நான் முன் சீட்டில். வரிசை நீளம், வெயில் வேறு. பின்னால் ஒருத்தி வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டாள். செல்வராசுவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தடைக்கம்பம் வந்தது. என்ஜின் ஓடியது. அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். ஓடியது. கம்பம் உயர்ந்தது. வேன் நகர்ந்தது.

"நில்!"

அதே சார்ஜன்ட். வேனை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்றும் நின்றால் தள்ளுவதற்காகச் சட்டைக் கையை மடித்துப் பின்னால் வந்து நின்ற இரண்டு சிப்பாய்களைப் பார்த்தார். குனிந்து, செல்வராசுவின் முகத்துக்கு நேராகச் சந்தேகத்தோடு கேட்டார்.

"இன்றைக்கு ஏன் நிற்கவில்லை?"

என்ஜின் நின்றால் காரணம் சொல்லும் புத்தகங்கள் என் அலமாரியில் நிறைய உண்டு, நிற்காமல் ஓடியதற்கு ஆமிக்காரரிடம் காரணம் சொல்லும் புத்தகத்தை இன்னும் யாரும் எழுதவில்லை.