வெள்ளாட்டுப் பாலும் ஒரு முந்தானையும்

1971 தை, பொங்கல் முடிந்த வாரம். சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் சென்னை பிராட்வேயில் நானும் சரோஜாவும் பஸ் ஏறினோம். காஞ்சிபுரத்துக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் இரண்டு ரூபாய் இருபது காசு. என் பையில் காஸ்டிக் சோடா நூறு கிராம், கிளிசரின் ஒரு புட்டி, வெப்பமானி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகள் மூன்று.

நான் ஒரு சோப்புத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். விடுதியில் நான் செய்த வெள்ளாட்டுப் பால் சோப்பு என் அறைத்தோழி சரோஜாவின் தோல் வறட்சியைப் போக்கியிருந்தது. அவளுடைய அக்கா தேவகியின் கைக்கும் அதைச் செய்து தரத்தான் இந்தப் பயணம்.

ஒன்பதரைக்குப் பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீடு. தறியில் சரோஜாவின் கல்யாணப் புடவை; நெய்தவர் அவர்கள் அண்ணன். உடல் நெய்து முடிந்துவிட்டது. இனி நீளவாட்டில் ஓடும் அதன் பாவு இழை ஒவ்வொன்றையும் முந்தானை இழையோடு விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். அந்த வேலை தேவகி அக்காவுடையது. ஆனால் நூலின் பசை போக்கும் சோடாத் தண்ணீரில் கையை விட்டு விட்டு, விரலெல்லாம் வெடித்திருந்தது.

அக்கா ஒற்றைப் பட்டு இழையை எடுத்துத் தன் விரல்மேல் இழுத்துக் காட்டினார். நான்கு இடத்தில் மாட்டியது.

"பாத்தியாம்மா? இந்தக் கைய வச்சா அறுந்துக்கினே இருக்கும். திங்கக்கெழம எட்டு மணிக்கு வேற ஆளு வரச் சொல்லிட்டாரு அண்ணன். சரோஜா தாயில்லாத பொண்ணு. அவ முந்தானைக்கு நான் பிணைக்காம யாரு பிணைக்கறது?"

பதினொன்றுக்கு ஜட்கா வண்டி பிடித்து, போகவர இரண்டு ரூபாய் பேசி, ஓரிக்கைக்குப் போனோம். பாலாற்றில் மணல்தான் ஓடியது. ஆடு மேய்க்கும் முனியம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கும்மா பாலு? கைக்கொழந்தைக்கா?"

"கைக்குத்தான்," என்றாள் சரோஜா. "பூசிக்க."

"அடியாத்தே! பட்டணத்துல சோறு தின்றது வாயாலதானே?" சிரித்துக்கொண்டே அரைப்படி கறந்து கொடுத்தார். ஆட்டுக்கு ஒரு கட்டு அகத்திக் கீரை வாங்கிப் போட்டால் போதும், பாலுக்குக் காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

மதியம் ஒரு மணிக்குப் பின்கட்டில் தொடங்கினேன். விடுதியில் செய்யும்போது பாலை ஐஸ் கட்டியில் குளிரவைப்பேன். இங்கே ஐஸ் இல்லை. பொழுது போகிறதே என்ற அவசரத்தில் காஸ்டிக் சோடாக் கரைசலைப் பாலில் அப்படியே ஊற்றினேன். பால் முதலில் மஞ்சளானது, பிறகு செங்கல் நிறமானது. நாற்றத்தில் சரோஜா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

தேவகி அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, மீன் குழம்பா?" பிறகு மெதுவாகக் கேட்டார்: "அதுவும் சோடாதானே? என் கையத் தின்னதே அதுதானே?"

நல்ல சோப்பாக வந்திருந்தாலும் நான்கு வாரம் ஆறவிட வேண்டும். சோப்பை நினைத்தேனே தவிர, திங்கட்கிழமையை நினைக்கவில்லை.

சோடா கலக்காத பால் பாதி மிச்சமிருந்தது. தேங்காய் எண்ணெய் சேர்த்துக் கைக்குக் களிம்பு செய்யட்டுமா என்றேன்.

"எண்ணெக் கை பட்டா பட்டு பாழு," என்றார் அக்கா. கொஞ்சம் யோசித்தார். "பாவு சொரசொரன்னு இருந்தா கஞ்சி போடறோம். வெரலுக்கும் கஞ்சி போட்டா இன்னா?"

அதைத்தான் செய்தோம். வடிகட்டிய அரிசிக் கஞ்சி இரண்டு பங்கு, காய்ச்சி ஆறிய பால் இரண்டு பங்கு, கிளிசரின் ஒரு பங்கு. கிளிசரின் தண்ணீரில் கழுவினால் போய்விடும், எண்ணெய்போல் ஒட்டாது. ஆனால் வெள்ளாட்டுப் பாலில் ஏடு எளிதில் பிரியாது. அந்தக் கொழுப்பு கறைபடுமோ என்ற பயம் இருந்தது. அக்கா அதைப் பூசிக் கழுவிய கையால் கழிவுப் பட்டுத் துணுக்கைப் பிசைந்து, வெயிலில் காட்டினார். கறை இல்லை.

சனி மாலை முதல் மூன்று மணிக்கொரு தரம் பூச்சு. ஞாயிறு முழுவதும் அக்காவைப் பாத்திரம் தொட விடவில்லை. நானும் சரோஜாவும் சமைத்தோம். ரசத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாதது அவர்கள் பெருந்தன்மை.

திங்கள் காலை ஆறரை. அக்கா கை கழுவித் துடைத்து அந்த ஒற்றை இழையை எடுத்து விரல்மேல் இழுத்தார். கட்டைவிரலில் வழுக்கிப் போனது. ஆள்காட்டி விரலிலும். சுண்டுவிரலில் மாட்டியது.

"சுண்டுவெரலாலயா பிணைக்கப் போறேன்?" என்றவர் உள்பக்கம் திரும்பி, "அண்ணே, அந்த ஆள வரவேணாம்னு சொல்லிடு!" என்று குரல் கொடுத்தார். பிடிப்புக்குச் சாம்பலைத் தொட்டு முதல் இழையை முறுக்கினார். அறவில்லை. சரோஜா தறிக்குப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்து, தன் விரலில் சோதித்த அதே ஒற்றை இழையை இழுத்தார். மூன்று இடத்தில் மாட்டியது. "சோப்புக் கம்பெனிக் கையி, இப்டி இருக்குது! எடுத்துக்கினு போம்மா." ஒரு புட்டிப் பூச்சைக் கொடுத்து, அதன் கழுத்தில் அந்த இழையைச் சுற்றிவிட்டார். மறுநாளே புளித்துவிடும் என்று தெரிந்தும் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். கருகிய பாலுக்கு ஒரு கடுஞ்சொல் சொல்லாத வீடு அது.

செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கூடத்தில் புது மாதிரிச் சோப்பு வந்தது. எல்லாச் சோதனையிலும் தேறியது. அதில் கை கழுவித் துடைத்து, அக்காவின் இழையை விரலில் இழுத்துப் பார்த்தேன். பிறகு சோதனைத் தாளின் கடைசி வரிக்குக் கீழே புது வரி ஒன்று சேர்த்தேன்: பட்டு இழை – மாட்டுகிறது.