இருபத்திமூன்று சிவப்புகள்

மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் நான் சேர்ந்து மூன்றாவது வாரம். வளைகுடாவில் ஒன்பது வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, நாற்பதை நெருங்கும்போது மறுபடி வேலைக்கு வந்திருந்தேன். கடலுக்குப் போகிறவர்களின் போனுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் செயலியைச் செய்துகொண்டிருந்தோம். எனக்குத் தந்த முதல் வேலை, எச்சரிக்கை வாசகங்களைக் கரையில் பேசும் தமிழுக்கு மாற்றுவது.

மாற்றினேன். அன்று காலை வந்த புதுக் கணினியில் எல்லாவற்றையும் நிறுவி, சோதனைகளை ஓட்டினேன். மென்பொருள் ஒழுங்காக நடக்கிறதா என்று தானே பார்த்துச் சொல்லும் சோதனைகள் அவை. சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. எனக்கு வந்தது இருபத்திமூன்று சிவப்பு.

சோதனை முடிவு தானாகவே போய்ச் சேரும் எங்கள் குழுத் தலைவர் சென்னையிலிருந்து போனில் அழைத்தார். "நேத்து வரைக்கும் எல்லாம் பச்சைதானே? உங்க மாற்றம்தான் கடைசி. அதை எடுத்துடுங்க. வேற யாராவது பாத்துப்பாங்க."

அவர் குரலில் கோபமே இல்லை; என்னிடம் எதையும் எதிர்பார்க்காதவர்போல் இருந்தது. அதுதான் எனக்கு உறைத்தது.

பக்கத்து மேசைக்காரி கடற்கரை ஊரான இனயத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். எட்டிப் பார்த்தாள். "எனக்க மெஷின்ல எல்லாம் பச்சையாக்கும் எக்கா."

தலைவர் சொன்னபடி என் மாற்றத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். அப்போதும் அதே இருபத்திமூன்று. நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிழை என்னுடையது இல்லை!

சிவப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். காற்று காலை நான்குக்கு என்று வரவேண்டிய இடத்தில் ஒன்பதரை. ஆறு வரவேண்டிய இடத்தில் பதினொன்றரை. எல்லாவற்றிலும் ஐந்தரை மணி நேரம் கூடியிருந்தது. வெளிநாட்டில் இருந்தவளுக்கு இது தெரியாதா? கிரீன்விச் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. நம் ஊர் மணியை ஏதோ ஒன்று கிரீன்விச் மணியாக எடுத்துக்கொள்கிறது.

எங்கள் நிரலில் நேரத்தை யாரும் தொடவில்லை. அப்படியானால் பிறர் எழுதியதை வெளியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளான பேக்கேஜ்களில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

"ஏட்டி, ஒனக்க மெஷின்ல இருக்க பேக்கேஜ் பதிப்பு எல்லாத்தையும் வாசி," என்றேன். அவள் வாசிக்க வாசிக்க நான் என் திரையில் ஒப்பிட்டேன். நாங்கள் நேரடியாகக் கேட்டு வாங்கியவை எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. அவை தங்களுக்காக இழுத்து வந்தவற்றில் ஒன்று மட்டும் இடித்தது. நேரத்தைக் கணக்கிடும் சிறிய பேக்கேஜ். அவளிடம் இரண்டாம் பதிப்பு, என்னிடம் மூன்று. 'இரண்டு அல்லது அதற்கு மேல்' என்று எங்கோ எழுதியிருந்ததால், புதிதாக நிறுவிய எனக்கு மூன்று வந்திருந்தது. அதன் குறிப்பில் தெளிவாகவே போட்டிருந்தார்கள்: எந்த ஊர் நேரம் என்று சொல்லாவிட்டால், இனி கிரீன்விச் நேரமாகக் கொள்ளப்படும்.

"எனக்கதையும் அழிச்சிட்டு புதுசா போடுவோம்," என்றாள் அவள்.

"நல்லா ஓடுகத கெடுக்கணுமாட்டி?"

"பேடிக்காதீங்க எக்கா. எனக்க அண்ணன் வள்ளத்துல மீன்பிடிக்கப் போறவனாக்கும். தெரியணும்லா?"

போட்டோம். ஓட்டினோம். அவள் திரையிலும் இருபத்திமூன்று சிவப்பு! சிவப்பைப் பார்த்து இருவரும் கைதட்டிக் கூச்சலிட்டதில் மற்றவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

அந்தப் பேக்கேஜை இரண்டாம் பதிப்பிலேயே நிற்கும்படி ஒற்றை வரி எழுதினேன். இரண்டு கணினியிலும் நிறுவினோம். என் வாசக மாற்றத்தையும் திரும்பச் சேர்த்து ஓட்டினேன். மேலிருந்து கீழ்வரை நாற்று நட்ட வயல்போல் பச்சை.

தலைவருக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "நாளைக்கு எச்சரிக்கை அனுப்பற சர்வர்ல எல்லாத்தையும் புதுசா நிறுவறதா இருந்தோம்," என்றார்.

நாலு மணிக்கு அடிக்கப்போகும் காற்றை ஒன்பதரைக்கு என்று எங்கள் செயலி சொல்லியிருக்கும். அதை நம்பி விடியுமுன் வள்ளங்கள் கடலில் இறங்கியிருக்கும்.

சாயங்காலம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் தலைவர் எழுதினார்: 'அவங்க மாற்றம் காரணமில்லை. நான்தான் அவசரப்பட்டேன். இனி எந்தப் பதிப்பு உள்ளே வரணும்னு அவங்கதான் முடிவு செய்வாங்க.'

இனயத்துக்காரி அதை எல்லோருக்கும் கேட்க இரண்டு தடவை வாசித்தாள். நான் 'நன்றி' என்று மட்டும் பதில் போட்டேன். ஆனால் மாடிப்படி இறங்கும்போது வாய்விட்டுப் பாடிக்கொண்டேதான் இறங்கினேன்.