போன கடல் திரும்பி வந்தது

இத்தாலியில் பலெர்மோ நகரில் எங்களோடு இருந்த என் தங்கை லிவர்பூலுக்குக் குடிபோய்விட்டாள். போன கோடையில் அவளைப் பார்க்கப் போனபோது, பக்கத்திலுள்ள ஹில்ப்ரே என்ற சின்னத் தீவுக்கு இருவரும் போனோம். கடல் வற்றிக் கிடந்ததால் ஈர மணலில் நடந்தே போக முடிந்தது. கரையிலிருந்த அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்தோமே தவிர, அதை வாசிக்கவில்லை.

பலெர்மோவில் கடல் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்கே தெரியாது. அங்குள்ள மொண்டெல்லோக் கடற்கரையில் காலையில் விரித்த பாய் மாலையிலும் நனையாது. அதே நினைப்பில், திரும்பும் வழியில் மணலில் பாய் விரித்து, சட்டியில் கொண்டுவந்த இடியப்பத்தைச் சாப்பிட உட்கார்ந்தோம்.

நாயோடு வந்த ஒரு பெண் கையைக் காட்டிக் கத்தினார். திரும்பிப் பார்த்தால், எங்களுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் ஓடுகிறது!

"அக்கா, சட்டியை விட்டிட்டு ஓடுங்கோ!" என்று தங்கை அலறினாள்.

நான் சட்டியை விடவில்லை. முழங்கால் தண்ணீரில் விழுந்தடித்து அந்தப் பெண்ணின் பின்னால் கரையேறினோம். பாய்தான் கடலோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தோம். சிரித்துக்கொண்டு நிற்கும் எங்கள் இருவருக்கும் நடுவே, கடல் திரும்பும் நேரம் கொட்டை எழுத்தில் இருந்தது.

இப்போது மொண்டெல்லோவிலும் புதுப் பாயை விரிக்குமுன் பலகை தேடுகிறேன்.

"இஞ்சை கடல் எங்கையப்பா போகப்போகுது?" என்று கணவர் சிரிக்கிறார்.

"அங்கையும் அப்பிடித்தான் நினைச்சனாங்கள்" என்கிறேன்.