ஆறு மொழியிலும் ஒரே சேதி

ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவளுக்கு ஆறு மொழி தெரியும். படித்து வந்ததல்ல, வார்டில் குனிந்து துடைக்கும்போது காதில் விழுந்தது. ஊரைச் சுற்றிக் கம்பெனிகள் முளைக்க முளைக்க, எங்கெங்கிருந்தோ சனம் வந்து குவிந்தது. பெரிய டாக்டருக்கோ சொந்த மொழியை விட்டால் வேறு நாதியில்லை.

காய்ச்சல், ஊசியெல்லாம் நர்ஸே கையைக் காலை ஆட்டி விளக்கிவிடுவாள். உள்ளே படுத்திருந்தவர் போய்விட்டார் என்பதைத்தான் அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு இவளைக் கூப்பிடுவார்கள். டாக்டர் ஒரு வரி சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். மாரில் அடித்துக்கொண்டு சாய்கிறவர்களைத் தாங்கிப் பிடிப்பது இவள் பாடு. இப்படியே பன்னிரண்டு வருடம்.

கடைத்தெருவில் இவளைக் கண்டாலே புதுச்சனம் எதிர்ச்சாரிக்கு ஒதுங்கும். "நானா கொன்னேன்?" என்று மகனிடம் சொல்லிச் சிரிப்பாள். உள்ளுக்குள் எரியும்.

அந்த மகன் புதுச்சனத்திலேயே ஒரு பெண்ணை விரும்பினான். தையல் கம்பெனியில் பக்கத்து மிஷின்காரி. அப்பா இல்லை. அண்ணன் உயரமான கட்டடங்களில் சாரம் கட்டுகிறவன்.

"அவங்கம்மாவுக்கு நம்ம பேச்சு வராதும்மா. நீதான் வந்து கேக்கணும்."

பூரித்துப்போனாள். அந்த மொழியில் கல்யாணத்துக்கு என்ன சொல் என்று அவளுக்குத் தெரியவில்லை. மகனைப் பெண்ணிடம் கேட்டு வரச் சொல்லி, பழப்பையோடு அவனையும் கூட்டிக்கொண்டு, வழியெல்லாம் அந்தச் சொல்லை முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

கதவைத் திறந்த பெண்ணின் அம்மா இவள் முகத்தைப் பார்த்தாள். தன் மகன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்றே முடிவுகட்டி அலறிக்கொண்டு கீழே சாய்ந்தாள். பாடம் பண்ணிய சொல் அந்த அலறலில் அடிபட்டுப்போயிற்று. பெண் உள்ளிருந்து ஓடிவந்து அண்ணனுக்குப் போன் போட்டு, அவன் குரலைக் கேட்க வைத்த பிறகுதான் அழுகை நின்றது.

வந்த காரியத்தை இவள் மெல்லச் சொன்னாள். அந்த அம்மா பழப்பையையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எம் புருஷன் போனதையும் நீதான் சொன்னே," என்றாள் தன் மொழியில். இவளுக்கு நினைவில்லை. எத்தனை முகத்தைத்தான் நினைவில் வைப்பாள்? "நீ வாசல்ல நிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உசுரு போகும். உன் வீட்டுக்கு எம் பொண்ணைத் தர முடியாது."

பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"என்னம்மா சொல்றாங்க?" என்றான் மகன்.

வார்டில் செய்கிற மாதிரியே, முதலில் அவன் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.